துண்டு மிஸ்

எங்கள் மருந்துக் கம்பனியின் சுவர் மணிக்கூடு எப்போதும் பிந்தித்தான் ஓடும். கொஞ்சநஞ்சம் அல்ல. பள்ளியில் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் அது லுஹர் நேரத்துக்கு வந்து சேரும். ஒரு நாள் முதலாளி ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலில் ஏறி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, முள்ளைத் தள்ளி வைத்துவிட்டார். இறங்கலாம் என்று திரும்பினால் கீழே மிஸ் நிற்கிறார்.

"ஹாஜியார், என்ன மாறுது?"

"நேரம் மாறுது மிஸ். சரியான நேரத்துக்கு மாறுது."

"ஏன் மாறுது?"

"பிழையா ஓடினிச்சு, அதால."

"அது மாறினாக் கூட என்னென்ன மாறும்?"

ஹாஜியார் ஸ்டூலில் நின்றபடியே யோசித்தார். பாவம், பாரமான மனிதர். ஸ்டூல் கிறீச்சிட்டது. மிஸ்ஸே பதிலையும் சொன்னார்.

"பெரிய ராத்தா இந்த மணிக்கூட்டப் பாத்துத்தான் பாணி காய்ச்சிற. இப்ப அடுப்புல கிடாரம் இரிக்கி. நீங்க முள்ளத் தள்ளினதோட அது காயாமலே காஞ்ச கணக்கு. சரி, பிழைச்சாத் திரும்பிப் போற வழி என்ன?"

"எங்கயும் போகல்ல மிஸ். முதல்ல என்ன இறங்க உடுங்க."

முள் பழைய இடத்துக்கே போனது. மறுநாள் காலையில், அடுப்பு மூட்டும் முன், எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லி, ஒரு கடிதாசித் துண்டில் எழுதி, ஹாஜியாரும் பெரிய ராத்தாவும் ஒப்பம் வைத்த பிறகுதான் மணிக்கூடு திருத்தப்பட்டது. சொந்தக் கம்பனியில் சொந்தக் காசில் வாங்கிய மணிக்கூட்டைத் திருத்த ஒப்பம் வைத்த முதலாளி கல்முனைக் கரையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மிஸ்ஸின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் இன்னும் இருக்கிறார். சொன்னால், "இதப் போட்டதால என்ன மாறுது ராத்தா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார். அந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இப்போது இல்லை.

சூறாவளி ஊரைப் புரட்டிப்போட்டதற்குப் பிறகு ஹாஜியார் தொடங்கிய கம்பனி அது. கடலுக்குக் கிட்ட, ஓட்டுக் கூரை போட்ட நீளமான ஒரு கட்டடம். செய்தது ஒரே ஒரு சாமான்தான், இருமல் பாணி. ஆடாதோடை, சுக்கு, அதிமதுரம், கராம்பு எல்லாம் அவித்து வடித்து, சீனி சேர்த்துக் காய்ச்சிப் போத்தலில் அடைப்போம். வேலை செய்தவர்கள் எல்லோரும் பெண்கள். காய்ச்சுவது பெரிய ராத்தா, எங்கள் எல்லோருக்கும் மூத்த அக்கா மாதிரி. அறுபதைத் தாண்டியவர். போத்தல் கழுவி, நிரப்பி, லேபல் ஒட்டும் பகுதி என் பொறுப்பு. வீட்டில் இருந்து நடந்து போய், நடந்து வந்து, மரியாதையாகச் செய்யக்கூடிய வேலை அந்தப் பக்கத்தில் எங்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

மருந்து செய்வதற்கு லைசன் வேண்டும், லைசனுக்கு விஞ்ஞானம் படித்த ஒருவர் ஒப்பம் வைக்க வேண்டும் என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். 'ஒப்பம் வைக்க ஒரு ஆள்தானே' என்று நினைத்து ஹாஜியார் பேராதனையில் படித்து வந்திருந்த எங்கள் ஊர்ப் பிள்ளையைக் கூட்டி வந்தார். அதுதான் மிஸ். வந்த முதல் நாளே அந்தப் பிள்ளை, ஒப்பம் வைக்கும் முன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றது. அன்றைக்கே ஹாஜியாருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

வெள்ளையில் சின்னக் கரை போட்ட சேலை, அதன் முந்தானையில் முக்காடு, கைப்பையின் காதில் நூலால் கட்டிய பேனை. நூல் எதற்கு என்று கேட்டேன். "பேனை இடம் மாறினா நான் தேடுவன். தேடினா மறப்பன்" என்றார். இன்ன மூலையில் இன்ன சாக்கு, இன்ன ஆணியில் இன்ன அகப்பை என்று எல்லாவற்றுக்கும் இடம் வைத்தார். இடம் மாற்ற வேண்டுமா? மாற்றலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடிதாசித் துண்டில் நாலு கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். அந்த மாற்றம் யார் யாருடைய கையில் படுமோ அவர்கள் எல்லோரும் ஒப்பம் வைக்க வேண்டும். அதற்குக் கீழே கடைசியாக மிஸ். நாலு பதிலில் ஒன்று குறைந்தாலும் துண்டு திரும்பி வந்துவிடும். துண்டு மிஸ் என்று பெயர் வைத்தது நான்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நான் மறுக்கவும் இல்லை.

எனக்கும் அவருக்கும் முதல் சண்டை பசையில் வந்தது. லேபல் ஒட்டக் கோதுமை மாவில் பசை காய்ச்சுவோம். கோதுமை மா கிடைக்காத ஒரு கிழமையில் நான் மரவள்ளி மாவில் காய்ச்சினேன். நன்றாகத்தான் ஒட்டியது. மிஸ் வந்து தூரிகையை எடுத்து மணந்து பார்த்தார்.

"என்ன மாறுது ராத்தா?"

"பசை மிஸ், பசை! போத்தலுக்கு வெளியில ஒட்டுற பசை. இத ஆரும் குடிக்கிறல்ல."

"ஏன் மாறுது எண்டு கேக்கல்ல, தெரியும். மாறினாக் கூட என்னென்ன மாறும்? பூச்சி வருமா? ஈரத்துல லேபல் கழருமா? லேபல் கழண்டா இது என்ன மருந்து எண்டு ஆருக்குத் தெரியும்?"

மரவள்ளிப் பசை போட்ட போத்தல்களை ஈரச் சாக்கின் மேலும், கரப்பான் ஓடும் இறாக்கையிலும் அடுக்கி வைத்தார். நாள்கணக்கில் பார்த்தார். பூச்சி வரவில்லை, லேபல் கழரவில்லை. "இனி மாத்துங்க" என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"ஒண்டும் நடக்கல்லதானே? இதுக்கா இவ்வளவு பாடு?"

"ஒண்டும் நடக்காது எண்டு இப்பத் தெரியும் ராத்தா. முந்தித் தெரியாதே."

இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஹாஜியாருக்கும் ஒரு போராட்டம் நடந்தது. அது கதிரைப் போராட்டம். அவருடைய சாய்மனைக் கதிரை உள் அறையில் கிடந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த அறை அடுப்பேதான். பெரிய மண்டபத்தின் கடல்பக்கக் கதவடியில் போட்டால், பின்னேரத்தில் கொஞ்சம் கடல்காற்றாவது வரும். போடலாம். ஆனால் கதிரை வந்தால் கதவு திறந்து கிடக்கும், கதவு திறந்து கிடந்தால் ஈ வரும், சீனி இருக்கும் இடத்தில் ஈ வந்தால் கூடவே இன்ஸ்பெக்டரும் வருவார். அந்தத் துண்டு போய்ப் போய்த் திரும்பி வந்தது. கடைசியில் ஹாஜியார் கதவுக்கு வலையடித்து, தானாக மூடிக்கொள்ளச் சுருள்கம்பியும் போட்டு, பிழைத்தால் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போவதாக எழுதிக்கொடுத்து, மிஸ்ஸின் ஒப்பத்தை வாங்கினார். அன்றைக்கு அந்தக் கதிரையில் அவர் சாய்ந்த சாய்வைப் பார்க்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோதுகூட அவர் முகத்தில் அத்தனை நிம்மதி இருந்ததாக எனக்கு நினைவில்லை. கதிரைக்கு எதிரில் ஒரு சின்னச் சாமான் அறை, கதிரைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பைப். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ஸின் உம்மாவுக்கும் இந்த நாலு கேள்வியால் தலையிடி. "கொமர வெச்சுக்கொண்டு நான் படுற பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். மாப்புள பேசி வாற ஆக்களுக்கிட்டயும் துண்டு நீட்டுறாள்" என்று என்னிடம் அழுதிருக்கிறார். உண்மைதான். ஒரு இடத்தில் எல்லாம் பேசி முடிந்த பிறகு மாப்பிள்ளையின் மாமா, கலியாணத்துக்குப் பிறகு வேலையை விட வேண்டும் என்றாராம். மிஸ் கதவுக்குப் பின்னால் நின்று நாலையும் கேட்டார். முதல் மூன்றுக்கும் மாமா சளைக்காமல் பதில் சொன்னார். நாலாவதில் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். பின்னாளில் ஒருவர் வந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில்தான் வந்து இருப்பது. அவரிடமும் மிஸ் கேட்டார், பிழைத்தால் திரும்பிப் போகும் வழி என்ன? அந்த மனிதர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்கட உம்மாட ஊடு பக்கத்துத் தெருவுலதானே, நடந்தே போயிருவன்" என்றார். கலியாணம் நடந்தது. அவர் இன்றுவரை நடந்து போகவில்லை. அது பிந்திய கதை. நான் சொல்ல வந்தது மிஸ் கலியாணமாகாத குமராக இருந்தபோது வந்த ஒரு நோன்பு காலத்தை.

அந்த முறை நோன்பு நல்ல கச்சானில் வந்தது. காற்று தரையிலிருந்து சுடச்சுட வீசும், உதடு வெடிக்கும், எச்சிலை விழுங்கவே தொண்டை யோசிக்கும். அந்த மாதத்தில்தான் கொழும்பிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு எங்கள் பாணியை எடுக்கலாமா என்று பார்க்கப்போகிறார். அவர் சரி என்றால் வருடம் முழுவதும் வேலை. பிழை என்றால் லைசனும் போகும், கம்பனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று ஹாஜியார் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு கிடாரத்துக்கும் ஒரு அட்டை உண்டு. என்னென்ன போட்டது, எவ்வளவு நேரம் காய்ந்தது என்று வரிசையாக எழுதி, கடைசியில் இரண்டு கட்டம் இருக்கும். ருசி சரியா, பார்த்தவர் பெயர் என்ன. போத்தலில் அடைக்கும் முன் ஒருவர் ஒரு கரண்டி ருசி பார்த்தே ஆக வேண்டும். நோன்பின் முதல் நாள் அட்டையைப் பார்த்த மிஸ், பெரிய ராத்தாவிடம் போனார்.

"நீங்க நோன்புதானே ராத்தா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஓம் மிஸ்."

"அப்ப ருசி சரி எண்டு எப்பிடிப் போட்ட?"

"மோந்து பாத்தன் மிஸ். நோன்புல எப்பயும் மோந்துதான் பாக்கிற. என்ட மூக்குக்குத் தெரியாத பாணியா?"

"அப்ப நாக்கு மூக்கா மாறியிரிக்கி. துண்டு எங்க?"

பெரிய ராத்தா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஹாஜியார் பள்ளி மௌலவியிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அவசியத்துக்கு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பலாம், உள்ளே போகாவிட்டால் நோன்பு முறியாது என்றாராம். ஆனால் எங்களில் ஒருத்தியும் முன்வரவில்லை. பாணி என்றால் இனிப்பு. காய்ந்துபோன நாக்கில் இனிப்பை வைத்துவிட்டுத் துப்பு என்றால் நாக்கு சொல்லுக் கேட்குமா? ஒரு சொட்டு உள்ளே போனாலும் கச்சானில் கஷ்டப்பட்டுப் பிடித்த நோன்பு பாழ். எல்லோருக்கும் பேணுதல் அதிகம், பயம் அதைவிட அதிகம்.

அடுத்த யோசனை எங்கள் வேன் சாரதி. காரைதீவு அண்ணன். அவர் இந்து, நோன்பு இல்லை. அந்த மாதத்தில் எங்கள் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார், அவ்வளவு மரியாதை. ஆனால் வாயில் எந்நேரமும் வெற்றிலை. மிஸ் மூன்று கோப்பையை நீட்டினார். ஒன்றில் பாணி, ஒன்றில் சீனி போடாத கஷாயம், ஒன்றில் சாயத் தண்ணீர். அண்ணன் மூன்றையும் ஆறுதலாகக் குடித்து வாயைத் துடைத்தார்.

"மூண்டும் நல்லாத்தான் இருக்கு மிஸ்."

அண்ணனைத் திரும்பவும் வேனுக்கே அனுப்பினோம்.

பிறகு மிஸ் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். மண்டபத்தின் நடுவில் நின்று, மிக மரியாதையான குரலில் கேட்டார்.

"இண்டைக்கு நோன்பில்லாத ஆக்கள் கைய உசத்துங்க பாப்பம்."

மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. அல்லாஹ் தந்த விடுமுறை. ஆனால் அதை நாங்கள் யாரும் விடுமுறையாக எடுப்பதில்லை. வாப்பாவும் தம்பிமாரும் அறிந்துவிடக் கூடாது என்று விடியுமுன் ஸஹருக்கு எழும்பி அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவோம். பகலில் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு வாய்த் தண்ணீர். பின்னேரம் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரையும்விடத் தவிப்பாக நோன்பு திறக்கும் பாங்குக்குக் காத்திருப்போம். இந்த ஊரில் வந்து கையை உயர்த்து என்றால்?

மண்டபமே தரையைப் பார்த்தது. ஹாஜியாருக்குத் திடீரென்று வெளியில் ஏதோ வேலை வந்துவிட்டது. ஒரு கையும் உயரவில்லை. மிஸ் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அதுவும் உயரவில்லை. அது ஏன் உயரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் கன்னம் மெல்லச் சிவந்தது. எனக்கு அந்த நேரத்தில்தான் அவர்மேல் முதன்முதலாகப் பாசம் வந்தது. பசைக் கோபம் அன்றோடு போனது.

மறுநாள் அந்தச் சின்னச் சாமான் அறையைக் காலி செய்வித்தார். வாசலுக்கு ஒரு திரை. உள்ளே ஒரு கோப்பைப் பாணி, கரண்டி, துப்ப ஒரு ஏனம், ஆணியில் தொங்கும் அட்டை, ஒரு பென்சில். பெரிய ராத்தாவிலிருந்து லேபல் ஒட்டும் கடைசிப் பிள்ளைவரை எல்லோரும் ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். உள்ளே நின்று மூன்று தடவை ஸலவாத்து ஓதிவிட்டு வெளியே வர வேண்டும். நோன்பு இல்லாதவள் ருசி பார்த்துச் சரி என்றோ பிழை என்றோ கோடு போடுவாள், நோன்பு உள்ளவள் சும்மா நின்று வருவாள். யார் எது என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது. கடைசி ஆளாக மிஸ்ஸும் போவார். ஒருத்தரும் கோடு போடாத நாளில் நோன்பு திறந்த பிறகு பார்த்து, மறுநாள் காலையில் அடைப்பது.

"பேர்க் கட்டம் என்ன செய்யிற மிஸ்?" என்று கேட்டேன். பெயரில்லாத ருசி ருசியே இல்லை என்று எங்களுக்கு அதுவரை படிப்பித்தவர் அவர்தான்.

மிஸ் கைப்பையை இழுத்தார். நூலில் தொங்கிய பேனையை எடுத்து, தன் விதியை மாற்றத் தனக்கே ஒரு துண்டு எழுதினார். என்ன மாறுது? நோன்பு மாதத்தில் பெயர் இல்லை. ஏன்? எழுத ஏலாது. எங்கள் எல்லோரிடமும் ஒப்பம் வாங்கினார். நாங்கள் சந்தோஷமாக வைத்த முதல் ஒப்பம் அது.

திரை நன்றாக ஓடியது. எங்களுக்கு அதில் ஒரு விளையாட்டும் வந்துவிட்டது. பெரிய ராத்தா உள்ளே போனால் மூன்று ஸலவாத்துக்குப் பதில் நீளமான யாசீன் சூராவையே ஓதி முடித்துவிட்டுத்தான் வருவார். "உள்ளுக்குக் குளிரா இரிக்கி மனே" என்பார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மெலிந்த மனிதர், மெல்லிய குரல், அந்தக் கச்சானிலும் கழுத்துப்பட்டி. எழுத்தில் இருப்பதைப் போலவே தமிழ் கதைத்தார். காய்ச்சுவது தொடக்கம் அடைப்பதுவரை முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார். கிடாரம் ஆறியது. நாங்கள் வரிசையாகத் திரைக்குள் போய் வந்தோம். எதிரில் சாய்மனைக் கதிரையில் ஹாஜியார், பக்கத்தில் நாற்காலியில் இன்ஸ்பெக்டர், வாசலில் பெட்டி இறக்கும் அண்ணன். கடைசியாக மிஸ் போனார்.

ஒரு ஸலவாத்து ஓதும் நேரம்கூட ஆகியிருக்காது. உள்ளே ஒரு இருமல். பிறகு திரை பறந்தது. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, ஹாஜியாரின் கதிரைக்குப் பக்கத்துப் பைப்பைத் திறந்து, துப்பி, கொப்பளித்து, திரும்பவும் துப்பினார்.

"உப்பு! நிப்பாட்டுங்க! ஒரு போத்தலும் அடைக்கப்படாது!"

சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. வாய் ஈரம். கையில் தண்ணீர். மூன்று ஆண்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். எங்கள் ஒவ்வொருத்தியையும் மறைக்கத் திரை போட்டவர், தானே திரைக்கு வெளியில். முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். ஹாஜியார் கூரையைப் பார்த்தார், அண்ணன் தென்னையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் முதுகை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது பெரிய ராத்தா நடந்தார். நேரே கிடாரத்தடிக்குப் போய், அகப்பையில் தொட்டு, நாக்கு நுனியில் வைத்தார். மற்ற மாதங்களிலும் திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிற மனிசி, எச்சிலைக்கூடக் கணக்குப் பார்த்து விழுங்குகிறவர். முகத்தைச் சுழித்து வெளியில் போய்த் துப்பினார்.

"ஓம் மிஸ். சுத்த உப்பு. மூக்குக்குத் தெரியல்ல."

நானும் போனேன். தொட்டேன், வைத்தேன், துப்பினேன். என் பின்னால் லேபல் பிள்ளைகள், போத்தல் கழுவுகிறவர்கள், எல்லோரும். இத்தனை நாளாக ஒரு சொட்டுக்குப் பயந்தவர்கள், வரிசையில் நின்று நாக்கில் வைத்தார்கள். முற்றம் முழுக்கத் துப்பல் சத்தம். இனி யார் நோன்பு, யார் நோன்பில்லை என்று ஒரு மனிதனும் சொல்ல முடியாது. கடைசியில் ஹாஜியாரும் கதிரையிலிருந்து எழும்பி வந்தார், விரலைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். துப்பாதவர் அண்ணன் மட்டும்தான். அவரும் ஒரு கரண்டி எடுத்து முழுவதையும் விழுங்கினார்.

"எனக்கெண்டா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சுவரைப் பார்த்து நின்ற மிஸ்ஸின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்ததுதான். துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"சீனி மூலையில உப்புச் சாக்க ஆரு வெச்ச?"

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "நான்தான் மிஸ். ஏழை ஊடுகளுக்குச் சாமான் கட்டிக் குடுக்க எடுத்த தூளுப்பு. ஊட்ட இடமில்ல. ஒரு ராவைக்குத்தானே எண்டு வெச்சன். காலைல மறந்துபோச்சு."

இன்ஸ்பெக்டருக்கு முன்னாலேயே மிஸ் அவரிடம் ஒரு வெற்றுத் துண்டை நீட்டினார். ஹாஜியார் அதைப் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல இரண்டு கையாலும் வாங்கினார். கிடாரத்தை அப்படியே கவிழ்க்கச் சொன்னார் மிஸ். கவிழ்த்தோம்.

ஆனால் இன்ஸ்பெக்டர் இன்னும் முடிக்கவில்லை. அந்த மாதத்து அட்டைகளைப் புரட்டினார்.

"பிழையைக் கண்டுபிடித்து நிறுத்தினீர்கள். அது நல்லது. ஆனால் ருசி பார்த்தவரின் பெயர் எந்த அட்டையிலும் இல்லையே. பெயர் இல்லாமல் நான் எப்படிச் சரி என்று எழுதுவது? இந்த மாதம் யார் யார் எந்தெந்த நாளில் பார்த்தார்கள் என்று பெயர்களை நிரப்பித் தாருங்கள். அது போதும்."

பெயரை எழுதினால் லைசன் தப்பும். எழுதாவிட்டால் எல்லோரும் வீட்டுக்கு. ஹாஜியார் மிஸ்ஸைப் பார்த்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். எதையும் எழுதாமல் விடாத மிஸ், ஒரு துண்டை எடுத்து இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வைத்தார். நூலோடு பேனையையும் நீட்டினார்.

"மாத்தச் சொல்றது நீங்கதானே சேர். நீங்களே எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். எழுதத் தொடங்கினார். என்ன மாறுகிறது? பெயர்கள் சேர்க்கப்படும். ஏன்? விதி. மூன்றாவதில் பேனை நின்றது. மாறினால் கூட என்னென்ன மாறும்? அவர் தலையை நிமிர்த்தினார். உதட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு நிற்கும் எங்களைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அதற்கு நேர் எதிரில் இருந்த கதிரையைப் பார்த்தார். ஈரம் காயாத முக்காட்டோடு நிற்கும் மிஸ்ஸைப் பார்த்தார். அப்போதுதான் அந்த மனிதருக்கு எல்லாம் விளங்கியது. காது வரைக்கும் சிவந்துபோனார். துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்" என்றார்.

பெருநாளைக்கு முதல் கிழமை கடிதம் வந்தது. லைசன் தப்பியது, ஆஸ்பத்திரிகளுக்குப் பாணி கொடுக்கும் வேலையும் கிடைத்தது. ஆனால் என் மனதில் நிற்பது அதுவல்ல, இன்ஸ்பெக்டர் போன மறுநாள் காலை.

நாங்கள் வேலைக்கு வந்தபோது கடல்பக்கக் கதவடியில் சாய்மனைக் கதிரை இல்லை. ஹாஜியார் அதைத் தெருப்பக்க விறாந்தையில் போட்டு, கச்சான் நேரே முகத்தில் அடிக்க, வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸின் மேசையில் ஒரு துண்டு. யாரும் கேட்காமல் ஹாஜியார் தானாக எழுதிய முதல் துண்டு. மிஸ் வாசித்துவிட்டு என்னிடம் தந்தார்.

என்ன மாறுது: என்ட கதிரை.

ஏன்: அறைக்கு நேர இரிக்கி.

கூட என்னென்ன மாறும்: எனக்கு வேர்க்கும்.

திரும்பிப் போற வழி என்ன என்ற நாலாவது இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. வெறுமையாக விட்டிருந்தார்.

மிஸ் விறாந்தைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பேனையை எடுத்து ஒப்பம் வைத்தார். நாலாவது பதில் இல்லாத துண்டில் அவர் ஒப்பம் வைத்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.